நெல்லையிலிருந்து பந்தயத் தடம் வரை: குறைந்த செலவில் ஒரு பழைய காரைத் தயார் செய்வது

பந்தயக் கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான். என்னுடைய வரிசையில் அந்தக் கேள்வி கடைசியில் வருகிறது. வண்டி முதலில் நிற்க வேண்டும். அடுத்து, வளைவில் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டம். கையில் இருக்கும் பணத்தையும் இதே வரிசையில்தான் செலவழிக்க வேண்டும். பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ இருந்துகொண்டு, பழைய கார் ஒன்றை வாங்கிப் பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி வாங்குவதற்கு முன்னால்

நமக்குப் பக்கத்தில் இருக்கும் தடம், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. மதுரை, திண்டுக்கல் வழியாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எஸ். கரிவர்தன் நினைவாகப் பெயரிடப்பட்ட தடம் அது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, நடுத்தர வருமானக்காரர்களுக்கும் இந்த விளையாட்டைத் திறந்துவிட்டவர் அவர். அடுத்தது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் தடம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை 1990இல் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன. நம் அப்பாக்கள் காலத்து ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறிப் பாய்ந்த கார்கள்தான்.

முதலில் ஒரு பந்தய வார இறுதியில் செட்டிப்பாளையத்துக்குப் போய் வாருங்கள். பார்வையாளர் மேடையை விட, கார்களைப் பழுது பார்க்கும் கொட்டகைப் பக்கம் கூடுதல் நேரம் நில்லுங்கள். எந்தக் கார் திரும்பத் திரும்ப உள்ளே வருகிறது, எதைக் கழற்றுகிறார்கள், எந்த உதிரி பாகத்துக்காக ஆள் ஓடுகிறான் என்று கவனியுங்கள். ஆள் தேவைப்படும்போது கொடி காட்டும் தன்னார்வலராகச் சேர முடிந்தால் இன்னும் நல்லது. வளைவின் ஓரத்தில் ஒரு நாள் நின்றவருக்கு, பிரேக் எங்கே வைக்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்பது தானாகப் புரிந்துவிடும்.

போட்டியில் ஓட்டுவதற்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் வேண்டும். எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறீர்களோ, அந்தப் பிரிவின் தொழில்நுட்ப விதிப் புத்தகத்தை வாங்கி, பேனாவால் கோடிட்டுப் படியுங்கள். எந்த எஞ்சின், எவ்வளவு எடை, என்ன டயர், எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்து முடிக்கும் வரை வண்டியில் ரம்பம் படக்கூடாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உள்ளே எல்லாவற்றையும் பிய்த்து எடுத்து, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு போட்ட காரைச் சாலையில் ஓட்ட முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. பொதுச்சாலையில் வேகப் பரீட்சை செய்வதை 189ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயத்துக்குச் செல்லாது. நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலை ஆள் அரவமில்லாமல் நீண்டு கிடக்கும்போது கை துறுதுறுக்கும். அந்தச் சாலையில் ஆட்டுக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குறுக்கே நடக்கிறார்கள். அங்கே சோதித்துப் பார்ப்பவரை நான் பந்தயக்காரராக மதிப்பதில்லை. ஆகவே வண்டியைத் தடத்துக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகையை முதல் நாளிலேயே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தக் கார்

பெரும்பாலானோரின் மனதில் இருப்பது பிரீமியர் பத்மினி. 1089 சிசி, ஏறக்குறைய 40 குதிரைத்திறன், பின் சக்கர ஓட்டம், ஸ்டியரிங்குக்கு அடியில் கியர். அழகில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், முன் சக்கரம் திரும்ப கிங் பின் என்ற பழைய பாணி அச்சாணி, பின்னால் பட்டை ஸ்பிரிங். இவற்றையெல்லாம் பந்தயத்துக்குத் தேற்றுவதற்குள் நல்ல காலமும் பணமும் கரைந்துவிடும். இரண்டாவது காராக எடுங்கள்.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எடை குறைந்த, கைக்கு அடக்கமான கார். முன்பக்கம் முழுவதும் மூடிபோல் திறப்பதால் எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அதன் பின் அச்சில்தான் சிக்கல். வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கி, வண்டி சுழன்றுவிடும். புதியவர் கைக்கு அது வேண்டாம். அம்பாசடர் இரும்பைப் போல் உழைக்கும், ஆனால் ஒரு டன்னுக்கு மேல் எடை. பிரீமியரின் 118 என்.இ. நல்ல கார்தான், உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும்.

முதல் காராக நான் சொல்வது 1990களின் மாருதிகளை. மாருதி 800, 1993இல் வந்த ஜென், 1994இல் வந்த எஸ்டீம். இவற்றைப் பழைய கார் என்று சொல்வதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். முப்பது வயதான காருக்கு அந்தப் பெயர் பொருந்தும். 800 ஏறக்குறைய 650 கிலோதான். எடை குறைந்தால் பிரேக், டயர், பேரிங், பெட்ரோல் எல்லாமே குறைவாகத் தேயும். ஜென்னில் 993 சிசி அலுமினிய எஞ்சின், முன்னால் டிஸ்க் பிரேக். எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சின் நம் நாட்டுப் பந்தயத் தடங்களில் பல ஆண்டுகள் உழைத்துப் பெயர் வாங்கியது. பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் ஜென் என்பேன். பணம் இறுகினால் 800.

இந்தத் தேர்வுக்கு முக்கியமான காரணம் வேகமல்ல, நெல்லை வண்ணார்பேட்டையின் உதிரி பாகக் கடைகள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீல் பேரிங் முனகுகிறது, மறுநாள் லாரி கிளம்ப வேண்டும் என்றால், அந்தப் பேரிங் ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும். இந்த மூன்று மாருதிகளுக்கும் பாகம் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பத்மினிக்கு ஒரு பாகம் வேண்டும் என்றால் சென்னைப் புதுப்பேட்டைக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

வாங்கப் போகும்போது

ஒரு காந்தம், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச் விளக்கு. இந்த மூன்றும் இல்லாமல் பழைய கார் பார்க்கப் போகாதீர்கள். எஞ்சினை லேத் பட்டறையில் சரி செய்துவிடலாம். பாடி இற்றுப்போயிருந்தால் காரே இல்லை என்று அர்த்தம்.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம், திருச்செந்தூர் என்று கடற்கரையோரம் ஓடிய வண்டிகளில் உப்புக் காற்று அடியிலிருந்து அரித்திருக்கும். மேலே புது பெயிண்ட் பளபளக்கும். கதவுக்குக் கீழே ஓடும் நீளமான விளிம்பில் காந்தத்தை வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் வழுக்கி விழுந்தால், அங்கே தகடு இல்லை, புட்டிதான் இருக்கிறது. பிறகு தரைவிரிப்பைத் தூக்கி, சீட் போல்ட்டுகளைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், இற்ற தகடு மொத்தென்று சொல்லும். முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியில் உட்காரும் வட்டத்தைச் சுற்றி விரிசலோ, பிற்பாடு வைத்த வெல்டிங்கோ தெரிகிறதா என்று போனட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பந்தயத்தில் முழுச் சுமையும் அங்கேதான் இறங்குகிறது.

நம் பக்கத்தில் இன்னொரு பரிசோதனையும் அவசியம். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. அவற்றில் சில, கழுவித் துடைக்கப்பட்டு மலிவு விலையில் வரும். முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் எப்போதும் மறைந்திருக்கும் கடைசிப் பகுதியில் பழுப்பு நிறக் கோடோ, விரலில் நெறுநெறுவென்று ஒட்டும் வண்டலோ இருந்தால், வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. பெல்ட்டைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. ஃபியூஸ் பெட்டியின் முனைகளில் பச்சை பூத்திருந்தாலும் அதே கதைதான். விற்பவர், “அண்ணாச்சி, ஒரே ஆள் ஓட்டிய வண்டி, ஒரு குறையும் இல்லை” என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். என்ஜினும் ஒயரிங்கும் எப்படியும் மாறப்போகின்றன என்றால், பாடி நன்றாக இருக்கும்போது அப்படிப்பட்ட வண்டியையும் அதற்குரிய விலைக்கு வாங்கலாம்.

எஞ்சினுக்கு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் வண்டியில் நேரில் படித்து ஒப்பிடுங்கள். மொத்தமாக ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். மீதிப் பணத்துக்கு வேலை காத்திருக்கிறது.

கழற்றுவதும் கூண்டும்

சீட், தரைவிரிப்பு, கூரைத் துணி, கதவு அட்டைகள், ஹீட்டர், பின் சீட்டின் கீழிருக்கும் தார்ப்பூச்சு வரை எல்லாவற்றையும் கழற்றுங்கள். எடுத்த ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி உறையில் பெயரெழுதிப் போடுங்கள். எடையைக் குறைப்பது செலவே இல்லாத வேகம். எஞ்சினில் பத்து சதவீதம் கூட்டுவதற்குச் செய்யும் செலவு எவ்வளவு என்பதை லேத் பட்டறையில் கேட்டால் இதன் அருமை தெரியும்.

கூண்டு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப்பும், தையல் போட்ட வெல்டிங் பைப்பும் கூண்டுக்கு ஆகாது. தையலில்லாத, குளிர்முறையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய் வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பின் விதி குறைந்தபட்சம் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கேட்கிறது. மற்றக் குழாய்கள் 38 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. தடிமன், அல்லது 40 மி.மீ. விட்டம் 2 மி.மீ. தடிமன். கூண்டின் கால் நிற்கும் இடத்தில் பாடித் தகடு மெலிதாக இருக்கும். அங்கே 3 மி.மீ. தடிமனில், குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்புள்ள தகட்டை வைத்துச் சுமையைப் பரப்ப வேண்டும். இல்லையென்றால் வண்டி கவிழும்போது கால் தரையைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

நம் ஊரில் கேட்டும் ஜன்னல் கம்பியும் அருமையாகச் செய்யும் வெல்டர்கள் நிறைய இருக்கிறார்கள். கூண்டு வேறு தொழில். குழாயை மணல் அடைத்துச் சூடாக்கி வளைத்தால் வளைவில் சுவர் மெலிந்துபோகும். பந்தயக் கார்களுக்குக் கூண்டு கட்டிப் பழகிய கோவைப் பட்டறைக்கே வண்டியை அனுப்புங்கள். தலை இடிக்கக்கூடிய இடங்களில் குழாய்க்கு மெத்தைச் சுற்று வேண்டும்.

ஒரே அச்சில் செய்த பந்தய சீட், ஐந்து அல்லது ஆறு முனைப் பெல்ட், உலோகப் பட்டையால் கட்டிய தீயணைப்பான், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எட்டக்கூடிய மின்துண்டிப்பு சுவிட்ச் ஆகியவை அடுத்து வரும். சுவிட்ச் இருக்குமிடத்தை, வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் என்ற குறி காட்ட வேண்டும். ஹெல்மெட்டில் பலர் ஏமாறுகிறார்கள். பைக் ஹெல்மெட்டின் உள் துணிக்குத் தீயைத் தாங்கும் குணம் கிடையாது. கார் பந்தயத்துக்கென்று முத்திரை பெற்ற ஹெல்மெட், தீ தாங்கும் உடை, கையுறை, காலணி, கழுத்துக் காப்பு என இவற்றைப் புதிதாக வாங்குங்கள். காருக்குப் பழையது போதும், உடம்புக்குப் போடுவது பழையதாக இருக்கக்கூடாது.

பிரேக், டயர், சஸ்பென்ஷன்

100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதை விட 140இலிருந்து நிற்பதற்கு ஏறக்குறைய இரு மடங்கு வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. சாலையில் அப்படி எப்போதோ ஒரு முறை. தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை. அதனால் பிரேக்கில்தான் முதல் செலவு.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பந்தயத்துக்கான பிரேக் பேடு வாங்குங்கள். பிரேக் ஆயிலில் டாட் 4 அல்லது டாட் 5.1 ஊற்றுங்கள். புதிய டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரியில் கொதிக்கும் என்றால், டாட் 4க்கு அது 230, டாட் 5.1க்கு 260. கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, பெடல் தரை வரை இறங்கிவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருப்பதால் திறந்து வைத்த டப்பாவை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் புதிதாக ஊற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். டாட் 5 என்று பெயரிட்ட சிலிகான் ஆயில் வேறு வகை, இவற்றுடன் கலக்கக்கூடாது.

பத்மினிதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு சொல்: டிரம் சூடாகி விரியும்போது லைனிங்கை விட்டு விலகுகிறது. ஆகவே ஓட்டத்தின் பாதியில் பெடல் கீழே போவது இயல்பு. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்ற உங்கள் பிரிவின் விதி அனுமதித்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

சஸ்பென்ஷனில் ஆடம்பரம் தேவையில்லை. எல்லா ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு முனை, வீல் பேரிங் ஆகியவை புதிதாக இருந்தாலே கார் பாதி மாறிவிடும். பிறகு கொஞ்சம் இறுக்கமான ஷாக் அப்சார்பர், சற்றுக் குட்டையான ஸ்பிரிங். ஸ்பிரிங் சுருளை வெட்டிச் சிறிதாக்குவது ஆபத்து. பாடி எழும்பும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு நழுவும். முன் சக்கரங்களின் மேல்புறம் சற்று உள்ளே சாய்ந்திருக்குமாறு அலைன்மென்ட் வைத்தால் வளைவில் டயர் முழுதாகத் தரையைப் பிடிக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டை பட்டையாக ரப்பர் மிச்சமிருந்தாலும், காலம் போன டயர் கெட்டிப்பட்டு வழுக்கும். 800இன் 12 அங்குல சக்கரத்துக்கு நல்ல பிடிமானமுள்ள டயர் கிடைப்பது கடினம். 13 அங்குலத்துக்குத் தேர்வு அதிகம். ஜென்னை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஞ்சின்

முதல் வருஷம் எஞ்சினில் ஆரோக்கியம் போதும், சக்தி கூட்ட வேண்டாம். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வால்வு உட்கார வைப்பது, புதிய ரிங், பேரிங், டைமிங் பெல்ட், ஆயில் பம்பு. இந்தப் பட்டியலோடு லேத் பட்டறையில் விட்டுவிடுங்கள். மாருதியின் அலுமினிய ஹெட் ஒரு முறை அளவு மீறிச் சூடானாலே வளைந்துவிடும். நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டம் பிடிக்கச் சொல்லுங்கள்.

பலரும் விட்டுவிடும் இடம், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப். நீண்ட வளைவில் ஆயில் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாயின் வாய் காற்றை இழுக்கும். அந்த ஓரிரு நொடியில் க்ராங்க் பேரிங் காய்ந்து தேய்ந்துவிடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, இரண்டாவது பந்தயத்தில் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். சம்பைக் கழற்றி, உறிஞ்சும் வாயைச் சுற்றிச் சிறிய தடுப்புத் தகடுகளை வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஆயில் உள்ளே வர அடியில் இடைவெளி விட வேண்டும், பக்கவாட்டில் ஓடிப்போக வழி இருக்கக்கூடாது. கூடவே, முள் காட்டும் ஆயில் பிரஷர் மீட்டரைக் கண்ணுக்கு நேரே மாட்டுங்கள். தொழிற்சாலையில் பொருத்திய சிவப்பு விளக்கு எரியும்போது காரியம் கெட்டுப்போயிருக்கும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. பழைய கார்புரேட்டரின் டயாஃப்ரம், கேஸ்கெட், பெட்ரோல் ஹோஸ் எதுவும் அதற்காகச் செய்தவையல்ல. எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். எத்தனால் கலந்தால் அதே அளவுக் காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். எனவே கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை. பத்மினி, அம்பாசடர்காரர்களுக்கு மேலும் ஒன்று: ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் நின்றுபோனது. அந்த ஈயத்தை நம்பிச் செய்த ஹெட்டுகளில், உறுதியான வால்வு சீட்டுகளைப் பொருத்தாவிட்டால் தொடர்ந்த வேகத்தில் வால்வு உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

ரேடியேட்டரைத் தூர்வாருவதோடு நிற்காமல் புதிதாக மாட்டிவிடுங்கள்.

தடத்தில் முதல் நாள்

முதல் முறையே போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள். பயிற்சி ஓட்டத்துக்குத் தடம் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து ஓட்டினால் உரிமத்துக்கும் வழி பிறக்கும். லாரியில் நான்கு சக்கரத்தையும் பட்டை போட்டுக் கட்டுங்கள். பாடியில் கயிற்றை மாட்டினால் வழி நெடுக ஸ்பிரிங் குதித்து முடிச்சுத் தளரும்.

போனதும் ஐந்து சுற்று மெதுவாக. உள்ளே வந்து, போனட்டைத் திறந்து, கசிவு பாருங்கள். வீல் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்குங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த வீலில் அவை நிச்சயம் தளர்ந்திருக்கும். டயர் சூடாக இருக்கும்போதே காற்றழுத்தத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். நான்கு எண்களுக்கும் பக்கத்தில் நேரத்தையும் வெயிலையும் குறித்துவையுங்கள். அடுத்த ஐந்து சுற்றில் வேகத்தைச் சற்றுக் கூட்டி, பிரேக் பெடலின் உயரத்தைக் கவனியுங்கள். பெடல் இறங்கத் தொடங்கினால் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக் காற்றுப்பட விட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான டிரம்மோடு லைனிங் ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

மாலையில் வண்டியை ஏற்றும் முன் பேடுகளின் மிச்சத் தடிமன், ஆயில் மட்டம், கூண்டின் ஒவ்வொரு வெல்டிங் மூலை, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை வட்டம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்த்து, மாற்ற வேண்டிய பாகங்களை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் வண்ணார்பேட்டையில் கடை திறக்கும்போது அந்தப் பட்டியல் கையில் இருக்கட்டும்.